தட்டை டாப்பெட் சம்பளம் வாங்காமல் பார்த்த வேலைகள்

டெட்ராய்ட் பக்கம் நண்பர் ஒருவருடைய வீட்டு கராஜில், 1970களின் செவ்ரலே 350 இன்ஜினிலிருந்து உருவிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) ஒன்று வெகுநாள் ஜன்னலோரம் கிடந்தது. தண்டின்மேல் முட்டை வடிவில் புடைத்திருக்கும் பதினாறு லோப்களில் பதினைந்து பளபளவென்று இருந்தன. மிச்சமிருந்த ஒன்றின் மூக்கு மட்டும் கரைந்து, முட்டை வடிவம் போய், ஏறத்தாழ வட்டமாகியிருந்தது. அதன்மேல் ஓடிய டாப்பெட்டை, அதாவது லோப்பின் தூக்கலை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் உருளையை, திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கிண்ணம்போலக் குழிந்திருந்தது. புதிதாக ஓவர்ஹால் செய்து, சில மணி நேரமே ஓடிய இன்ஜின் அது. அரைபட்ட இரும்புத்தூள் எண்ணெயோடு சேர்ந்து எல்லா பேரிங்குகளையும் சுற்றிவந்திருந்ததால் மறுபடியும் முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

இந்த நிலைக்கு வந்தவர்கள் எல்லோரும் சொல்லும் அடுத்த வாக்கியம் ஒன்றுதான்: "பேசாமல் ரோலர் கேம் போட்டுவிடலாம்." டாப்பெட்டின் அடியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்து, தேய்வதற்குப் பதிலாக உருளட்டும் என்பது யாருக்கும் புரியும் நியாயம். ஆனால் தட்டை டாப்பெட் வெறுமனே தேய்ந்துகொண்டிருக்கவில்லை. வேறு மூன்று நான்கு வேலைகளையும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அதை வெளியே எடுத்த பிறகுதான் அந்த வேலைகளுக்கெல்லாம் தனித்தனியாக ஆள் வைக்க வேண்டியிருப்பது தெரியும். ரோலர் கேம் மாற்றும் செலவில் பெரும்பகுதி கேமுக்கு ஆவதில்லை, இந்த ஆட்களுக்கே ஆகிறது.

முதலில் தட்டை டாப்பெட்டைப் பார்ப்போம். பெயர்தான் தட்டை. அடிப்பரப்பு மெல்லிய குமிழாக, சுமார் 50 அங்குல ஆரமுள்ள ஒரு கோளத்தின் துண்டாக இருக்கும். லோப்பும் நேராக இருக்காது. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓரிரண்டு தௌ சரிவு கொடுத்துத்தான் கிரைண்ட் செய்வார்கள். (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ, லேத் பட்டறைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.) இந்தக் குமிழும் சரிவும் சேர்ந்து தொடுபுள்ளியை மையத்திலிருந்து சற்றே விலக்கிவைக்கின்றன. அதனால் ஒவ்வொரு முறை மேலேறும்போதும் டாப்பெட் தன் அச்சில் கொஞ்சம் சுழலும். சுழலும்வரை உயிரோடிருக்கும், நின்றுவிட்டால் ஒரே இடத்தில் அரைபட்டுக் கிண்ணமாகிவிடும். ஜன்னலோரக் கேமுக்கு நடந்தது அதுதான்.

இதில் எண்ணெய்க்கும் பங்குண்டு. லோப்பின் மூக்கும் டாப்பெட்டும் சந்திக்கும் இடத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்துபோனால், உலோகத்தைக் கடைசியாகக் காப்பாற்றுவது பட்டறைகளில் சுருக்கமாக 'ஜிங்க்' என்று சொல்லப்படும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம். அதிலுள்ள பாஸ்பரஸ் புகைபோக்கியின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2004 இறுதியில் வந்த ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) எஸ்எம் தரம், கார்களுக்கான மெல்லிய எண்ணெய்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. புதிய கார்களில் பெரும்பாலானவை அதற்குள் ரோலருக்கு மாறியிருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடிபட்டவை பழைய இன்ஜின்கள். அதிலும் வால்வு ஸ்பிரிங்கைக் கடினமாக்கிய பெர்ஃபார்மன்ஸ் இன்ஜின்களுக்கு முதல் இருபது முப்பது நிமிடங்கள்தான் கண்டம். ஸ்டார்ட் ஆன உடனே 2000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் ஓடவிட வேண்டும் என்ற சடங்கு அதற்காகத்தான்.

ஆனால் பந்தயக்காரர்கள் ரோலரைத் தேடிப் போனது தேய்மானத்துக்குப் பயந்து அல்ல. உராய்வு குறைந்தால் சக்தி கூடும் என்று விளம்பரங்கள் சொல்வதும் பாதி உண்மைதான். உண்மையான காரணம் வடிவியல். தட்டையான டாப்பெட்டை லோப் தூக்கும்போது, தொடுபுள்ளி மையத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது தூக்கும் வேகத்துக்குச் சமம். சிறிய பிளாக் செவ்ரலேயின் (நண்பரின் 350 இந்த வகைதான்) டாப்பெட் விட்டம் 0.842 அங்குலம், ஆரம் 0.421. வேகம் ரேடியனுக்கு 0.421 அங்குலத்தைத் தாண்டினால், அதாவது கேமின் ஒரு டிகிரிக்கு ஏழே கால் தௌவுக்குச் சற்று மேலே போனால், லோப் டாப்பெட்டின் விளிம்பைக் கடந்து அதைக் கொத்த ஆரம்பித்துவிடும். எவ்வளவு நல்ல எஃகும், எவ்வளவு உயர்ந்த எண்ணெயும் இந்த வரம்பை மாற்றாது. கிரைஸ்லர் இன்ஜின்களுக்கு 0.904 அங்குல டாப்பெட் என்பதால், அவர்களுடைய தட்டைக் கேம்களைக் கொஞ்சம் வேகமாக வெட்ட முடிந்தது. பாதத்தை மட்டும் அகலமாக்கி, பிளாக்கின் அடிப்பக்கமிருந்து செருகும் காளான் டாப்பெட்டுகளையும் பந்தயக்காரர்கள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

ரோலருக்கு அந்த விளிம்பே இல்லை. பக்கவாட்டுச் சாய்வுக் கோணமும் ஸ்பிரிங்கின் பலமும் தாங்கும் வரை வேகத்தைக் கூட்டலாம். அதனால் அதே கால அளவில் வால்வு அதிக நேரம் அதிக உயரத்தில் திறந்திருக்கும். ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வால்வு இருக்கையை விட்டு எழும் முதல் சில டிகிரிகளில் தட்டை டாப்பெட் ரோலரைவிடச் சுறுசுறுப்பானது. ரோலர் முந்துவது நடுப்பகுதியில்தான். ஆகவே கால அளவு குறைந்த சாதுவான கேமில் ரோலரால் கிடைக்கும் கூடுதல் சக்தி கைக்காசுக்குக் கட்டுப்படியாகாது. கேம் எவ்வளவு பெரிதோ லாபமும் அவ்வளவு.

1950 வாக்கில் தெற்குக் கலிஃபோர்னியாவில் ரோலர் கேமை, பழைய கார்களை வேகத்துக்காக மாற்றியமைக்கும் ஹாட்ராட் உலகத்துக்குக் கொண்டுவந்தவர் என்று செட் ஹெர்பர்ட்டைச் சொல்வார்கள். போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழில் நடத்தியவர். விமான ரேடியல் இன்ஜின்களிலும் ஹார்லி மோட்டார்சைக்கிள்களிலும் ரோலர் டாப்பெட் அதற்கு முன்பே இருந்தது. சாதாரணத் தெருக் கார்களுக்கு வர இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின: ஃபோர்டு மஸ்டாங்கின் 5.0 இன்ஜினுக்கு 1985, செவ்ரலே கார்களின் சிறிய பிளாக்குக்கு 1987. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவின் நாஸ்கார் கப் கார்ப் பந்தயத்தில் ரோலருக்கு அனுமதி கிடைத்தது 2015இல்தான். கடைக்குப் போய்வரும் காரில் ரோலர் ஓடிக்கொண்டிருந்த காலமெல்லாம், 9000 ஆர்பிஎம் தொடும் பந்தய இன்ஜின்கள் விதியின் பேரில் தட்டை டாப்பெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

ரோலர் கேமை உருவாக்குவதே வேறு தொழில். தட்டைக் கேம் வார்ப்பிரும்பு. ரோலர் லோப்பைத் தொடுவது ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் என்பதால் அழுத்தம் மிக அதிகம். வார்ப்பிரும்பின் மேல்தோல் உதிர்ந்துவிடும். எனவே எஃகுத் தண்டிலிருந்து கடைகிறார்கள். பெயர்பெற்ற ரகம் 8620. கார்பன் குறைந்த எஃகான இதற்கு வெளித்தோலில் மட்டும் கார்பன் ஏற்றிக் கெட்டியாக்குவார்கள். கெட்டியாகக் கூடாத இடங்களுக்குச் செம்பு முலாம் பூசிக் கார்பனைத் தடுப்பது வழக்கம். பந்தயக் கேம்களில் லோப்களுக்கு நடுவே செம்பு நிறம் தெரிவதைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். சூட்டில் போட்டெடுத்தால் தண்டு வளையும். நெளிவெடுத்து நேராக்கிய பிறகுதான் ஜர்னல்களுக்கும் (பேரிங்கில் அமரும் பகுதிகள்) லோப்களுக்கும் கிரைண்டிங்.

கிரைண்டிங்கில் ஒரு சிக்கல் உண்டு. ரோலரைச் சீக்கிரமாகத் தூக்க வேண்டுமானால் லோப்பின் விலாப்பகுதி உள்நோக்கிக் குழிய வேண்டும். தட்டை டாப்பெட்டுக்கான லோப்பில் இப்படி ஒரு குழிவு வரவே வராது. குழிவின் ஆரத்தைவிடக் கிரைண்டிங் கல்லின் ஆரம் பெரிதாக இருந்தால் கல் உள்ளே போகாது. பழைய மெஷின்களில் கல்லின் விட்டமே ஒன்றரை அடிக்கு மேல். எனவே எவ்வளவு குழிக்கலாம் என்பதை அந்தக் காலத்தில் கல்லே தீர்மானித்தது. கணினியால் இயங்கும் மெஷினும் சிறிய சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு) கற்களும் வந்த பிறகே வடிவமைப்பாளர் கேட்ட வளைவெல்லாம் உலோகத்தில் இறங்கியது.

இனி அந்தச் சம்பளமில்லாத வேலைகளுக்கு வருவோம். முதலாவது சுழற்சி. தட்டை டாப்பெட் சுழல வேண்டும்; ரோலர் டாப்பெட் சுழலவே கூடாது. இம்மியளவு திரும்பினாலும் ரோலர் லோப்பின்மேல் கோணலாக ஓடி இரண்டையும் தின்றுவிடும். 1987க்குப் பிந்தைய பிளாக்கில் டாப்பெட் துளைகளை உயரமாக வார்த்து, டாப்பெட்டின் பக்கங்களைப் பிடிக்கும் வழிகாட்டித் தகடுகளையும், அவற்றை அழுத்திப் பிடிக்க எட்டுக்கால் பூச்சி மாதிரியான ஒரு ஸ்பிரிங் தகட்டையும் கம்பெனியே கொடுத்தது. பழைய பிளாக்கில் அதற்கு இடமில்லை. அதனால் இரண்டிரண்டு டாப்பெட்டுகளை ஒரு பட்டையால் கோத்து ஜோடி மாடுபோல ஓட்டுகிறார்கள். ஒன்று எந்தப் பக்கம் திரும்பப் பார்த்தாலும் இன்னொன்று விடாது.

இரண்டாவது வேலை கேமைப் பின்னுக்குப் பிடித்துவைப்பது. லோப்பில் இருந்த அந்த ஓரிரண்டு தௌ சரிவு, டாப்பெட்டைச் சுழற்றியதோடு கேமையும் ஓயாமல் பிளாக்கின் பின்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது. செவ்ரலே வடிவமைப்பாளர்கள் அதை நம்பித்தான் முன்பக்கம் தடுப்பு எதுவும் வைக்கவில்லை. ரோலர் லோப் நேரானது, தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, கேம் முன்னும் பின்னும் உலாவத் தொடங்கும். தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் கியர் சாய்வுப் பல் கொண்டது. கேம் முன்னே நகர்ந்தால் அந்தப் பல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிவிடும், இக்னிஷன் டைமிங் தானாக ஆடும். கார்ப்பரேட்டரை மாற்றி, பிளக்கை மாற்றி, கடைசியில் இது கேமின் உலாவல் என்று கண்டுபிடித்தவர்கள் உண்டு.

இதற்காக கேம் கியரின் முன்னால் ஒரு பொத்தானை வைத்து டைமிங் கவரில் (டைமிங் செயினை மூடும் முன்பக்க மூடி) முட்டவிடுவார்கள். கேமின் முன்பின் அசைவு 5 முதல் 10 தௌ வரை இருக்கலாம். இந்த அளவை வைப்பதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. கம்பெனி கொடுத்த கவர் வெறும் அச்சடித்த தகரம். கட்டைவிரலால் அழுத்தினாலே வளையும். அதில் முட்டவைத்து 6 தௌ என்று அளந்து திருப்திப்பட்டால், ஓடும்போது கவர் வளைந்து அது பல மடங்காகும். வார்த்த அலுமினியக் கவர் வாங்க வேண்டும், இல்லையென்றால் வெளிப்பக்கம் முட்டுக்கொடுத்து வாட்டர் பம்ப்பின் மீது தாங்கச்செய்ய வேண்டும். 1987க்குப் பிந்தைய பிளாக்கில் இரண்டே போல்ட்டுகள் போட்ட ஒரு தகடு இந்த வேலையை முடித்துவிடுகிறது. பழைய பிளாக்மீது பாசம் எதுவும் இல்லையென்றால் பிந்தைய பிளாக் ஒன்றைத் தேடி வாங்குவதே மலிவு என்பது என் கட்சி. நண்பருக்குப் பாசம் இருந்தது.

மூன்றாவது, கியருக்கும் கியருக்கும் இருந்த சிநேகம். வார்ப்பிரும்புக் கேமின் பல்லோடு டிஸ்ட்ரிபியூட்டரின் இரும்புக் கியர் ஒத்துப்போனது. எஃகுக் கேம் அதே கியரைத் தின்றுவிடும். வெண்கலக் கியர் போட்டால் கேம் பிழைக்கும், கியர் தன்னைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அவ்வப்போது கழற்றிப் பல்லைப் பார்க்க வேண்டும். தெருவில் ஓடும் வண்டிக்கு மேற்பரப்பு பதப்படுத்திய எஃகுக் கியர் நல்லது. சில கேம்களில் கியர் பகுதியை மட்டும் வார்ப்பிரும்பில் செய்து தண்டில் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள், அதற்குப் பழைய கியரே போதும். பெட்ரோல் பம்ப்பை இயக்கும் கம்பியும் கேமில் உரசுவதுதான். அதற்கும் வெண்கல முனை வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம்.

நண்பரின் இன்ஜினை 383 கன அங்குலமாகப் பெரிதாக்குவது என்று முடிவாகியிருந்தது: பிளாக்கின் துளையை 4.030 அங்குலமாக்கி, 400 இன்ஜினின் 3.75 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) கொண்ட கிராங்க்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை, அதில் இறக்குவது. ஸ்ட்ரோக் கூடும்போது கனெக்டிங் ராடின் தோள் மேலே வந்து கேமை உரசப் பார்க்கும். குறைந்தது 60 தௌ இடைவெளி வேண்டும். கிடைக்காவிட்டால் அடிவட்டம் (லோப்பின் புடைக்காத வட்டப் பகுதி) சிறிதான கேம் வாங்கலாம், ஆனால் தண்டு மெலிவதால் கடினமான ஸ்பிரிங்கின்கீழ் அது முறுக்கிக்கொள்ளும். அடிவட்டம் சிறுத்தால் டாப்பெட்டும் கீழே இறங்கி உட்காரும். அதன் எண்ணெய்க் காடி துளைக்கு வெளியே எட்டிப் பார்த்தால் எண்ணெய் அழுத்தம் அங்கேயே ஒழுகிவிடும். இந்த இரண்டையும் எந்த கேட்டலாகும் உங்கள் பிளாக்குக்காகச் சொல்லாது. ஒவ்வொரு சிலிண்டராகச் சுற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் ராட் போல்ட்டின் தலையைக் கொஞ்சம் தேய்த்துச் சமாளித்தோம்.

ஹெட்டில் வேலை தனி. ரோலர் டாப்பெட் கனமானது. அதை லோப்பை விட்டுத் துள்ளாமல் அழுத்திவைக்க ஸ்பிரிங்கின் பலம் கூட வேண்டும். ஹைட்ராலிக் ரோலருக்கு (எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் டாப்பெட்) வால்வு மூடியிருக்கும்போதே 120 முதல் 150 பவுண்டு, திறந்திருக்கையில் 300க்கு மேல். பந்தயத்துக்கான சாலிட் ரோலரானால் (அந்த வசதி இல்லாத திடமான டாப்பெட்) திறந்திருக்கையில் 500, 600 என்று போகும். பழைய ஹெட்டில், வால்வை அமுக்கும் நெம்புகோலான ராக்கரைத் தாங்கும் ஸ்டட் வெறுமனே அடித்து இறக்கியது. இந்தப் பலத்துக்கு மெல்ல மெல்ல மேலே உருவிக்கொண்டு வரும். மேடைகளை மில்லிங்கில் சமன்செய்து, மரை வெட்டி, திருகும் ஸ்டட் போட வேண்டும். பெரிய ஸ்பிரிங்குக்கு இருக்கையை அகலப்படுத்த வேண்டும். வால்வு உயரத் தூக்கப்படுவதால் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரிடெய்னர் போய் கைடு தலையில் முட்டாதபடி கைடையும் குட்டையாக்க வேண்டும்.

டாப்பெட்டுக்கும் ராக்கருக்கும் நடுவிலுள்ள கம்பியான புஷ்ராடின் நீளத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரோலர் டாப்பெட் உயரமானது என்பதால் புஷ்ராட் குட்டையாகும். கம்பெனி அளவே பழைய தட்டைக்கு 7.8 அங்குலம், 1987க்குப் பிந்தைய ரோலருக்கு 7.2. வித்தியாசம் கிட்டத்தட்ட ஐந்து நூல். பழைய பிளாக்கில் பட்டை கோத்த டாப்பெட்டுக்கு இரண்டும் பொருந்தாமல் நடுவில் ஏதோவொரு அளவு வரும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அளவுப் புஷ்ராட் ஒன்றைப் போட்டு, வால்வு முனையில் மார்க்கர் மை தடவி, கிராங்க்கைக் கையால் சில சுற்று சுற்றி, ராக்கர் உரசிய கோடு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். கோடு மெல்லியதாக, நடுவில் விழும் நீளமே உங்கள் நீளம். அதற்குப் பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும். நாங்கள் முதலில் வாங்கிய செட் இன்னமும் டப்பாவிலேயே இருக்கிறது.

கேம் கிராங்க்கோடு சரியான கோணத்தில் பொருந்தியிருக்கிறதா என்று டிகிரி பார்ப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தின்றது. கிராங்க்கின் முனையில் டிகிரி சக்கரம், பிளாக்கில் போல்ட்டுக்கடியில் வளைத்த கம்பி ஒன்று முள்ளாக, முதல் சிலிண்டரின் இன்டேக் டாப்பெட்டின்மேல் டயல் கேஜ். பிஸ்டனின் உச்சியைக் கண்ணால் பார்த்து நிர்ணயிக்கக் கூடாது. உச்சியில் பிஸ்டன் பல டிகிரிக்கு அசையாதது போலவே நிற்கும். தடுப்பு ஒன்று வைத்து இரு திசையிலும் சுற்றி, முட்டும் இரண்டு எண்களின் நடுவைத்தான் பூஜ்யமாக்க வேண்டும். பிறகு டாப்பெட்டின் உச்ச உயரத்துக்கு 50 தௌ கீழே, ஏறும்போதும் இறங்கும்போதும் சக்கரத்தைப் படித்தோம்: 74, 150. கூட்டி இரண்டால் வகுத்தால் 112, அதுதான் லோப்பின் மூக்கு டாப்பெட்டை உச்சத்துக்குத் தூக்கும் டிகிரி. கேமோடு வந்த அட்டையில் 108 என்று இருந்தது. நான்கு டிகிரி தாமதம்.

கேமைத் தப்பாகக் கிரைண்ட் செய்து அனுப்பிவிட்டார்கள் என்று திட்டினோம். காபி குடித்துவிட்டு வந்து கியரைப் பார்த்தபோது குற்றம் எங்களுடையது என்று தெரிந்தது. கிராங்க் கியரில் மூன்று சாவிக்குழிகள் உண்டு: ஒன்று நேரானது, ஒன்று நான்கு டிகிரி முந்தியது, ஒன்று நான்கு டிகிரி பிந்தியது. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. நேரான குழிக்குப் பதிலாகப் பிந்திய குழியையும் அதன் குறியையும் வைத்துப் பொருத்தியிருந்தோம். மாற்றிப் போட்டுப் படித்தபோது 70, 146. புள்ளிக்குப் புள்ளி பார்த்துச் செயினைப் போட்டு மூடியிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. ஏன் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை இல்லை என்று ஒரு வருடம் யோசித்துக்கொண்டிருந்திருப்போம்.

வால்வும் பிஸ்டனும் முட்டாமல் இருக்கிறதா என்பதற்குக் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைவிட நல்ல கருவி இல்லை. பிஸ்டனின் தலையில் அப்பி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை இறக்கி, மெதுவாக இரண்டு சுற்று சுற்றிக் கழற்றி, பதிந்த இடத்தைப் பிளேடால் அறுத்து அளக்க வேண்டும். இன்டேக்கில் 80 தௌ, எக்ஸாஸ்ட்டில் 100 தௌ குறையாமல் இருக்க வேண்டும். ஹைட்ராலிக் டாப்பெட்டோடு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அது உள்ளே அமுங்கிப் பொய் சொல்லும். சோதனைக்கென்று சாலிட் டாப்பெட் ஒரு ஜோடி வேண்டும்.

பொருத்தும்போது தட்டைக் கேமுக்குத் தடவும் கெட்டியான கறுப்புப் பேஸ்ட் ரோலருக்கு வேண்டாம். ரோலரின் ஊசி பேரிங்குகளுக்கு நல்ல இன்ஜின் எண்ணெயே உகந்தது. அந்த ஊசிகள்தான் ரோலரின் பலவீனமும். கடினமான ஸ்பிரிங் போட்ட சாலிட் ரோலரை டிராஃபிக்கில் மணிக்கணக்காக ஐடிலில் ஓட்டினால், எண்ணெய் போதாமல் ஊசிகள் நொறுங்கி ஆயில் பேனில் கொட்டும். தினமும் எடுக்கும் வண்டிக்கு ஹைட்ராலிக் ரோலரே போதும் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே வைத்துவிட்டு, ஆயில் பம்ப்பின் தண்டை டிரில் மெஷினால் சுழற்றினோம். நண்பரின் மகள் கிராங்க்கைக் கால் கால் சுற்றாகத் திருப்ப, பதினாறு ராக்கரிலும் எண்ணெய் கசியும்வரை காத்திருந்தோம். கடைசி ராக்கர் பத்து நிமிடம் பயம் காட்டியது. அதன் பிறகு டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கிச் சாவியைத் திருப்பினால், மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. இருபது நிமிடச் சடங்கு எதுவும் தேவைப்படவில்லை. ஐடிலுக்கு இறக்கி டைமிங் லைட்டை அடித்தபோது, கிராங்க் முனையிலுள்ள பேலன்சரின் வெள்ளைக் கோடு 12 டிகிரியில் நின்றது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டுப் பார்த்தோம். கோடு நேராகத் திரும்பிவந்து அதே 12இல் நின்றது, இப்படி அப்படி ஆடவில்லை.